பாரத்தின் கீழே மூச்சு

பாரம் தூக்குகிறவரின் வாயைப் பார்த்தாலே எடை அவருக்கு எவ்வளவு கனக்கிறது என்று சொல்லிவிடலாம். எடை குறைவாக இருக்கும்போது அவர் பக்கத்தில் நிற்பவரோடு பேசிக்கொண்டே தூக்குகிறார். தட்டுகள் கூடக்கூடப் பேச்சு நின்று, மூச்சின் ஓசை மட்டும் கேட்கிறது. இன்னும் இரண்டு தட்டு ஏறினால் அதுவும் நின்றுவிடுகிறது. உதடு இறுகுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, முகத்தில் ரத்தம் ஏறுகிறது. நெஞ்சு நிறையக் காற்றை வாங்கி, குரல்வளையை மூடி, உள்ளே நின்ற அந்தக் காற்றின்மேல் ஊன்றிக்கொண்டு உடம்பு மேலே எழுகிறது. பாரம் போய்ச் சேர்ந்த பிறகுதான் மூச்சு வெடித்து வெளியே வருகிறது.

தம் கட்டுகிற இந்த வித்தையை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. மண்ணில் புதைந்த வண்டியைத் தள்ளும்போதும், நெல்மூட்டையை முதுகில் ஏற்றும்போதும், மலச்சிக்கலில் முக்கும்போதும், பிள்ளை பெறும்போதும் உடம்பு தானாகவே இதைச் செய்கிறது. யோசிக்க நேரமில்லாத இடங்களில் உடம்பு எடுக்கும் முடிவு இது. இத்தனை காலம் மனிதரைச் சுமக்க வைத்திருக்கிற ஒன்றைத் தவறு என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த மூன்று நான்கு வினாடிகளில் ரத்தக்குழாய்களுக்கு என்ன நேர்கிறது என்று படிக்கத் தொடங்கிய பிறகு, ஜிம்முக்குப் போகிற பிள்ளைகளின் முகத்தை முன்போலப் பார்த்துவிட்டு நகர முடிவதில்லை.

மூடிய குரல்வளையை எதிர்த்து மூச்சை அழுத்தும் இந்தச் செயலுக்கு மருத்துவம் சூட்டியிருக்கும் பெயர் ஒரு காது மருத்துவருடையது. அந்தோனியோ மரியா வால்சால்வா, இத்தாலியின் இமோலாவில் 1666இல் பிறந்து, போலோன்யாவில் உடற்கூறு படித்து அங்கேயே கற்பித்தவர். 1704இல் வெளிவந்த அவருடைய நூல் மனிதக் காதைப் பற்றியது. வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டு மூச்சை வெளியே தள்ள முயன்றால் நடுக்காதில் தேங்கிய சீழ் வெளியேறும் என்று அதில் எழுதினார். விமானம் இறங்கும்போது காதடைப்பை நீக்க நாம் செய்வதும் அதுதான். ரத்த ஓட்டத்தில் இந்தச் செயல் என்ன செய்கிறது என்பது அவர் காலத்துக்கு வெகு பின்னால்தான் துலங்கியது.

அது நான்கு படிகளாக நடக்கிறது. மூச்சை அடக்கி அழுத்தியவுடன் நெஞ்சறைக்குள் அழுத்தம் ஏறி, பெருந்தமனியை நெருக்குகிறது. ரத்த அழுத்தம் சட்டென்று உயர்கிறது. அழுத்தம் நீடித்தால், கை கால் தலையிலிருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய ரத்தம் நெஞ்சுக்குள் நுழைய முடியாமல் வெளியே தேங்குகிறது. இதயத்துக்கு வருவது குறைவதால் அது வெளியே தள்ளுவதும் குறைகிறது. அதை ஈடுகட்ட நாடி வேகமெடுக்கிறது, சிறு குழாய்கள் சுருங்குகின்றன. மூச்சை விட்டதும், நெஞ்சின் நெருக்கல் தளர்ந்து அழுத்தம் ஒரு கணம் சரிகிறது. கடைசியாக, தேங்கி நின்ற ரத்தம் மொத்தமாக இதயத்துக்குள் பாய்கிறது. குழாய்களோ இன்னும் சுருங்கியே இருக்கின்றன. அழுத்தம் இயல்பைத் தாண்டி எகிறுகிறது. பாரத்தைக் கீழே வைத்ததும் சிலருக்குக் கண் இருட்டுவது இந்த ஏற்ற இறக்கத்தினால்தான். இவையெல்லாம் ஒருவர் சும்மா உட்கார்ந்து மூச்சை அழுத்தினாலே நடப்பவை. தொடைத் தசையும் முதுகுத் தசையும் முழு வலுவோடு இறுகி, தமக்குள் ஓடும் குழாய்களை நசுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் இதுவும் சேர்ந்தால்?

அந்தக் கேள்விக்குக் கனடாவின் ஹாமில்டன் நகரில், மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பதில் தேடினார்கள். டங்கன் மெக்டூகலும் அவருடைய குழுவும் 1985இல் வெளியிட்ட ஆய்வு அது. அனுபவமுள்ள ஐந்து பாடிபில்டர்களின் கைத் தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, அவர்கள் பாரம் தூக்கும்போதே அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். கையில் பட்டை சுற்றி அளக்கும் கருவி இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஓய்வில் இருக்கும் ஆரோக்கியமானவருக்கு 120/80 என்பது நமக்குத் தெரிந்த கணக்கு. இரண்டு கால்களாலும் எடையைத் தள்ளும் லெக் பிரஸ்ஸில், தங்கள் உச்ச வலுவை நெருங்கிய எடையோடு அவர்கள் போராடியபோது சராசரி அழுத்தம் 320/250ஐத் தொட்டது. ஒருவருக்கு 480/350ஐயும் தாண்டியது. கடைசி முறை தள்ளி முடித்த சில வினாடிகளிலேயே பழைய நிலைக்கு இறங்கியும் விட்டது.

இந்த எண்களை முதன்முதலில் படிக்கும்போது அச்சுப்பிழை என்றே நினைக்கத் தோன்றும். பக்கவாதத்தோடு கொண்டுவரப்படும் நோயாளிக்குக்கூட இப்படி ஓர் அளவு அரிது. ஆனால் அந்த ஐவரும் எழுந்து நடந்து போனார்கள். ஆரோக்கியமான தமனி சில வினாடிகளுக்கு இவ்வளவையும் தாங்கும் என்பது முதல் செய்தி. மனித உடம்பின் மீது மரியாதை கூடுகிற செய்தி அது.

இரண்டாவது செய்தி பத்தாண்டுகள் கழித்து வந்தது. நார்லாக், பிராண்ட்ஸ்டேட்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995இல், பத்து விளையாட்டு வீரர்களை அதே லெக் பிரஸ்ஸில் உட்கார வைத்தார்கள். தூக்க முடிந்த உச்ச எடையை ஒருமுறை தம் கட்டித் தள்ளச் சொன்னார்கள். இன்னொரு முறை, மெதுவாக மூச்சை வெளியே விட்டபடி தள்ளச் சொன்னார்கள். தம் கட்டியபோது சராசரி 311/284. மூச்சை விட்டபோது 198/175. தள்ளிய கால்கள் அவையே, எடையும் அதுவே. குரல்வளை திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பது மட்டுமே மாறியது. அந்த ஒரு மாற்றத்தில் தமனிச் சுவரின்மேல் நூறு புள்ளிகளுக்கு மேல் சுமை குறைந்திருக்கிறது.

தசையின் இறுக்கம் நாம் தூக்கும் எடையைப் பொறுத்தது. அதில் பேரம் பேச இடமில்லை. இதயத்தின் துடிப்பு நம் சொல் கேட்பதில்லை. தமனிக்கோ நாம் சொல்வதைக் கேட்கக் காதே இல்லை. இவற்றுக்கு நடுவில் மூச்சு ஒன்றுதான் தானாகவும் நடக்கிறது, நாம் சொன்னாலும் கேட்கிறது. நம் விருப்பம் ரத்தக்குழாய் வரை போய்ச் சேர்வதற்கு உள்ள வழி அது.

தமனியைப் பற்றி நம்மில் பலருக்கு இருக்கும் சித்திரம் ரத்தம் ஓடுகிற வெறும் குழாய் என்பது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் அதை வேறு விதமாகப் பார்த்தார். 1733இல் அச்சேறிய அவருடைய நூலில், ஒரு பெண்குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதன்மேல் நீண்ட கண்ணாடிக் குழாயை நிறுத்தியதையும், ரத்தம் அதில் எட்டு அடிக்கு மேல் ஏறி நின்றதையும் எழுதியிருக்கிறார். ரத்த அழுத்தம் முதன்முறையாகக் கண்ணால் பார்க்கப்பட்டது அப்போதுதான். அதைவிட நுட்பமான ஒன்றையும் அவர் கவனித்தார். இதயம் விட்டுவிட்டுத்தான் அடிக்கிறது; நுண்குழாய்களிலோ ரத்தம் விடாமல் ஓடுகிறது. அந்தக் கால நெருப்பணைக்கும் இயந்திரங்களில் விட்டுவிட்டு அடிக்கும் பம்பின் நீரை ஒரே சீராகப் பீய்ச்சுவதற்குக் காற்று நிரம்பிய கலம் ஒன்று இருக்கும். அந்தக் கலத்தின் வேலையைப் பெருந்தமனியின் மீள்தன்மை செய்கிறது என்று ஹேல்ஸ் கண்டார். 1899இல் ஜெர்மானிய உடலியங்கியலாளர் ஓட்டோ ஃபிராங்க் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார்.

இதயம் ஒருமுறை சுருங்கும்போது பெருந்தமனி விரிந்து அந்த அடியின் ஒரு பங்கைத் தன்னுள் வாங்கிவைக்கிறது. இதயம் ஓய்வெடுக்கும் இடைவெளியில் தான் சுருங்கி, வாங்கிவைத்ததை முன்னே அனுப்புகிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை இது நடக்கிறது. விரிந்து சுருங்கும் குணத்தை அதற்குத் தருவது எலாஸ்டின் என்ற புரதம். அளவுக்கு மீறி விரியாமல் காப்பது கொலாஜன் என்ற முரட்டு நார். சாதாரண அழுத்தத்தில் சுமை எலாஸ்டின்மேல் இருக்கிறது. அழுத்தம் ஏற ஏற அது கொலாஜனுக்கு மாறுகிறது. எலாஸ்டினில் பெரும்பகுதி நாம் கருவில் இருக்கும்போதும் குழந்தைப் பருவத்திலும் நெய்யப்படுகிறது. வளர்ந்த பிறகு உடம்பு அதைப் புதிதாகச் செய்வது மிகமிகக் குறைவு. தாயின் வயிற்றில் கிடைத்த சீதனத்தை எண்பது வயது வரை வைத்துச் செலவழிக்கிறோம்.

வயதாக ஆக அந்த எலாஸ்டின் இழைகள் களைத்து அறுகின்றன. வெயிலில் கிடந்த ரப்பர் குழாய் போலச் சுவர் விறைக்கிறது. இதன் அளவுகோல் எளிமையானது: நாடி அலை கழுத்திலிருந்து தொடை வரை என்ன வேகத்தில் போகிறது என்று பார்க்கிறார்கள். மெத்தென்ற குழாயில் அலை மெதுவாகப் போகும், விறைத்த குழாயில் விரையும். இளம் வயதில் வினாடிக்கு ஐந்தாறு மீட்டர். 10 மீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டியது என்பது இப்போது மருத்துவர்கள் கொள்ளும் எல்லை. விறைத்த தமனி இதயத்தின் அடியை வாங்கிவைப்பதில்லை. மேல் அழுத்தம் ஏறுகிறது, கீழ் அழுத்தம் இறங்குகிறது. இதயத்தின் சொந்தத் தசைக்கு ரத்தம் கிடைப்பது பெரும்பாலும் அது ஓய்வெடுக்கும் இடைவெளியில்தான். கீழ் அழுத்தம் இறங்கினால் அந்த ஊட்டம் குறைகிறது. தடுப்பே இல்லாமல் வந்து மோதும் அடியை மூளையும் சிறுநீரகமும் வாங்கிக்கொள்கின்றன.

பாரம் தூக்குவது இந்த விறைப்பைக் கூட்டுமா? 2004இல் மோட்டோஹிகோ மியாச்சி என்ற ஜப்பானிய ஆய்வாளரும் அவர் குழுவினரும் வெளியிட்ட முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. ஆரோக்கியமான 28 இளைஞர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வாரம் மூன்று நாள் வீதம் நான்கு மாதம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவில் அவர்களுடைய கழுத்துத் தமனியின் இளக்கம் 19 சதவீதம் குறைந்திருந்தது. கையில் அளந்த ரத்த அழுத்தத்தில் மாற்றமில்லை. தொடைத் தமனியிலும் மாற்றமில்லை. மாறியது இதயத்துக்கு அருகே இருக்கிற, மீள்வதையே தொழிலாகக் கொண்ட தமனி மட்டும். பயிற்சியை நிறுத்தி நான்கு மாதம் கழித்து அளந்தபோது இளக்கம் திரும்பியிருந்தது.

இந்த முடிவை வைத்துக்கொண்டு ஜிம்மின் கதவைச் சாத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் அடுத்த ஆண்டுகளின் ஆய்வுகளையும் படிக்க வேண்டும். அதே மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2005இல் பன்னிரண்டு வாரம் உடம்பு முழுவதுக்குமான எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது தமனியின் இளக்கம் குறையவில்லை. 2006இல் துடுப்புப் படகோட்டிகளை அளந்தார்கள். நடுவயதில் இருந்த அவர்கள் ஒவ்வொரு இழுப்பிலும் முழு வலுவையும் கொட்டுகிறவர்கள். அவர்களின் தமனிகள் உட்கார்ந்தே இருப்பவர்களின் தமனிகளைவிட இளகலாக இருந்தன. எடைப் பயிற்சியோடு தாங்குதிறன் பயிற்சியையும் சேர்த்தபோது விறைப்பு வரவில்லை என்று இன்னோர் ஆய்வு சொன்னது. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த நிலையில் அசையாமல் நிற்பது, கைப்பிடியை இறுக்கி அமுக்குவது போன்ற அசையாப் பயிற்சிகள் பல வாரங்களில் மேல் அழுத்தத்தைச் சராசரியாக எட்டுப் புள்ளி வரை குறைப்பதை 2023இல் தொகுத்துக் காட்டினார்கள்.

ஆக, குற்றவாளி பாரம் அல்ல. அழுத்தம் ஏறுவதுமே குற்றம் அல்ல. எவ்வளவு ஏறுகிறது, எத்தனை நேரம் நிற்கிறது, எத்தனை முறை திரும்புகிறது, இடையில் தமனிக்கு இளகும் பயிற்சியும் கிடைக்கிறதா என்பவற்றில்தான் விடை இருக்கிறது. மூச்சு மட்டுமே காரணம் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இன்னும் சேரவில்லை. நரம்பு மண்டலத்தின் முறுக்கு, பயிற்சியின் அளவு, வயது எல்லாம் பங்கு கேட்கின்றன. படகோட்டியைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. இழுப்புக்கு இழுப்பு மூச்சு வாங்கி விடாமல் அவரால் இரண்டாயிரம் மீட்டரைக் கடக்க முடியாது. அவருடைய வலு மூச்சோடு பிணைந்தே வளர்ந்த வலு.

தம் கட்டுவதற்காக வாதாடவும் ஆட்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. நெஞ்சிலும் வயிற்றிலும் அடைத்து நிறுத்திய காற்று முதுகெலும்புக்கு முன்னால் ஒரு தூணாக நிற்கிறது. தரையிலிருந்து தூக்கும் கனத்த டெட்லிஃப்ட்டில் நடுவழியில் மூச்சை முழுக்க விட்டுவிட்டால் முதுகு தளர்ந்து வட்டு நழுவலாம். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 173 கிலோவைத் தலைக்குமேல் நிறுத்தித் தங்கம் வென்றாரே, அது போன்ற தூக்கலை யாரும் பாடிக்கொண்டே செய்துவிட முடியாது. இன்னொரு நியாயம் 1944இல் வெளியானது. அமெரிக்க உடலியங்கியலாளர் வில்லியம் ஹாமில்டனும் உடனிருந்தவர்களும், இருமும்போதும் முக்கும்போதும் நெஞ்சில் ஏறும் அழுத்தம் முதுகுத்தண்டு வழியே மூளையைச் சூழ்ந்த நீருக்கும் போய்ச் சேர்வதை அளந்து காட்டினார்கள். மூளைக் குழாய்க்கு உள்ளே அழுத்தம் ஏறும்போது வெளியேயும் ஏறுவதால் சுவரின்மேல் விழும் நிகரச் சுமை அவ்வளவு கூடுவதில்லை. பலமாக இருமுகிறவர்களுக்கெல்லாம் மூளையில் ரத்தம் கசியாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். நெஞ்சுக்குள் ஓடும் பெருந்தமனிக்கும் அதே போர்வை கிடைக்கிறது.

ஆனால் கழுத்து அந்தப் போர்வைக்கு வெளியே இருக்கிறது. நெஞ்செலும்பும் காக்காமல், மண்டையோடும் காக்காமல், நடுவில் திறந்து கிடக்கிறது கழுத்துத் தமனி. உள்ளே ஏறும் அழுத்தம் முழுவதையும் அதன் சுவரே வாங்குகிறது. மியாச்சியின் ஆய்வில் இளக்கம் குறைந்ததும் அங்கேதான். இரண்டையும் நான் சேர்த்துப் பார்ப்பது என் ஊகம். ஆனால் புறக்கணிக்க முடியாத ஊகம். ஏனென்றால் உடம்பு முழுவதன் ரத்த அழுத்தத்தையும் கண்காணிக்கும் நரம்பு முனைகளில் முக்கியமானவை குடியிருப்பதும் அந்தக் கழுத்துத் தமனியின் சுவரில்தான். சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை வைத்தே அவை அழுத்தத்தை உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. விறைத்த சுவர் விரியாது. விரியாத சுவரில் இருப்பவை உணரவேண்டிய அளவுக்கு உணர்வதில்லை. காவலாளி இருக்கிற திண்ணையே இறுகிப்போனால் வீட்டின் நிலவரம் யாருக்கும் தெரியாமல் போகிறது.

சுமை தூக்கிப் பிழைத்த மக்கள் இதையெல்லாம் அளந்ததில்லை. ஆனாலும் அவர்களுடைய வேலையில் ஓர் ஒழுங்கு இருந்தது. கரைவலை இழுக்கிறவர்கள் இழுக்கும் கணத்தில் 'ஐலசா' என்று கூவுகிறார்கள். குரல்வளை மூடியிருக்கும்போது கூவ முடியாது. கூவினால் மூச்சு வெளியே போயே ஆகவேண்டும். துணியைக் கல்லில் அறைகிறவர் ஒவ்வோர் அடிக்கும் பல்லிடுக்கில் காற்றை விடுகிறார். மரம் பிளப்பவரின் கோடரி இறங்கும்போது அவர் நெஞ்சிலிருந்து ஓர் ஒலி இறங்குகிறது. உலக்கை குத்தும் பெண்களுக்காகவே வள்ளைப்பாட்டு என்று ஒரு வகை நம்மிடம் இருந்திருக்கிறது. பாட்டு களைப்பை மறக்கச் செய்தது, கூட்டத்தின் கைகளை ஒரே தாளத்தில் சேர்த்தது என்பார்கள். அதோடு இன்னொன்றையும் செய்தது: நாள் முழுக்க நீளும் வேலையில் மூச்சு நடுவில் அடைபட விடவில்லை. ஒரே ஒரு முறை ஊர் முன்னால் இளவட்டக்கல்லைத் தோளில் ஏற்றுகிற இளைஞன் தம் கட்டினான். பொழுதெல்லாம் வலை இழுக்கிறவர் கூவினார். அரிய வேலைக்கு ஒரு மூச்சும் அன்றாட வேலைக்கு இன்னொரு மூச்சும் என்று உழைப்பே வகுத்திருந்தது.

நம் மரபில் மூச்சை அடக்குவதற்கும் தனி இடம் உண்டு. திருமூலர் வகுத்த கணக்கில் உள்ளே இழுக்க 16 மாத்திரை, நிறுத்த 64, வெளியே விட 32. அந்த நிறுத்தலும் ஜிம்மில் தம் கட்டுவதும் வெளித் தோற்றத்தில்தான் ஒன்று. அங்கே உடம்பு தளர்ந்து அமர்ந்திருக்கிறது, தசை எதனோடும் மல்லுக்கு நிற்கவில்லை, அடைத்த காற்றின்மேல் யாரும் முக்குவதில்லை. ஆபத்து மூச்சு நிற்பதில் இல்லை. நின்ற மூச்சை முழுப் பலத்தோடு அழுத்துவதில் இருக்கிறது. வெளிமூச்சு உள்மூச்சைப் போல இரு மடங்கு நீள வேண்டும் என்ற அந்தக் கணக்கும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பாரத்தின் கீழே நமக்கு மறந்துபோவது அந்த வெளிமூச்சு.

இப்போது நம் சிறுநகரங்களில்கூடத் தெருவுக்கு ஒரு ஜிம் வந்துவிட்டது. மாடிப்படிக்கு மேலே ஒரு கூடம், சுற்றிலும் கண்ணாடி, காதைப் பிளக்கும் பாட்டு. கல்லூரிப் பையன்கள், பகல் முழுக்க டெலிவரிக்காக வண்டி ஓட்டிவிட்டு வருகிற இளைஞர்கள், கல்யாணத்துக்கு முன் தொப்பையைக் குறைக்க வந்தவர்கள். அவர்களை எனக்குப் பிடிக்கிறது. சாராயக்கடைக்குப் போகாமல் இங்கே வந்து வியர்வை சிந்துகிறவர்கள் அவர்கள். எடைப் பயிற்சி தசையைக் காக்கிறது, எலும்பைக் காக்கிறது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க உதவுகிறது. நீரிழிவு மண்டிக்கிடக்கிற நம் சமூகத்துக்கு அது தேவை. நாற்பது ஐம்பது வயதுப் பெண்களுக்கும், எழுந்து உட்காரத் தடுமாறும் முதியவர்களுக்கும் இன்னும் தேவை. அதனால்தான் அங்கே மூச்சைப் பற்றிய பேச்சு இல்லாதது என்னை வருத்துகிறது. எத்தனை செட், எத்தனை ரெப், எத்தனை கிலோ என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கடைசி ரெப் நடுவில் நின்று நடுங்கும்போது, பக்கத்தில் நிற்பவர் 'இன்னும் ஒண்ணு, விடாத, இன்னும் ஒண்ணு' என்று கத்துகிறார். 'மூச்சை விடுடா தம்பி' என்று கத்துகிறவர் குறைவு. கண்ணாடி தோளையும் கையையும் காட்டுகிறது. கழுத்துக்குள்ளே ஓடுவதைக் காட்ட அதனால் முடியாது.

மெக்மாஸ்டர் குழுவின் பின்னாளைய ஆய்வு ஒன்று இங்கே வழிகாட்டுகிறது. ஒருவர் தன் உச்ச வலுவில் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தாண்டும்போது குரல்வளை மூடுவதைத் தவிர்க்க முடிவதில்லை என்று அவர்கள் கண்டார்கள். எடை அதைவிடக் குறைவாக இருந்தாலும், தசை ஓய்ந்துபோகும் வரை விடாமல் தூக்கினால் கடைசியில் அதுவே நேர்கிறது. இதை விதி என்று எடுத்துக்கொண்டு மூச்சு விடும் முயற்சியைக் கைவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு இது ஓர் அளவுகோலாகத் தெரிகிறது. விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், எல்லார் தொண்டையிலும் இருக்கிற அளவுகோல். எந்த எடையில், எத்தனையாவது ரெப்பில் உன் மூச்சு தானாக அடைபடுகிறதோ, அங்கே நீ உன் எல்லையைத் தொட்டுவிட்டாய் என்று உடம்பு உனக்குச் சொல்கிறது. மூச்சு நாம் கைக்கொள்ளும் ஒரு முறை மட்டும் அல்ல. உள்ளே நடப்பதை நமக்குச் சொல்லும் செய்தியும் அதுதான்.

அந்தச் செய்தியைக் கேட்கத் தெரிந்தவருக்கு மற்றதெல்லாம் எளிது. பாரத்தை இறக்கும்போது மூச்சை உள்ளே வாங்குவது, தள்ளும்போது அல்லது இழுக்கும்போது வெளியே விடுவது, ஒவ்வொரு ரெப்புக்கும் புதிய மூச்சு. வயிற்றை இறுக்கி வைத்துக்கொண்டே வாயால் காற்றை மெல்ல விடப் பழகினால் முதுகுக்கும் தூண் கிடைக்கிறது, தமனிக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது. உச்ச எடையைத் தொட விரும்பும் நாளில் கடினமான இடத்தைக் கடக்கும் ஓரிரு வினாடி தம் நிற்கலாம். செட் முழுக்க நிற்கக் கூடாது. எல்லா நாளும் எல்லா செட்டும் தசை ஓயும் வரை போக வேண்டியதில்லை. எடைத் தட்டுகளோடு வேக நடையும் சைக்கிளும் நீச்சலும் சேரட்டும். ரத்தக் கொதிப்பு கட்டுக்குள் இல்லாதவர்கள், தமனியில் வீக்கம் இருப்பவர்கள், தம் கட்டும்போது கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறுவதால் கண்நீர் அழுத்த நோய் உள்ளவர்கள், தங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தம் கட்டவே கூடாது.

கொலராடோவின் போல்டர் நகரப் பல்கலைக்கழகத்தில் மூச்சையே பாரமாக்கிப் பார்த்தார்கள். எதிர்ப்புத் தரும் சிறு கருவி வழியாகக் காற்றை வலிந்து உள்ளிழுக்கும் பயிற்சி: ஒரு நாளைக்கு 30 மூச்சு, ஏறத்தாழ ஐந்து நிமிட வேலை. ஐம்பது வயதைத் தாண்டிய, அழுத்தம் சற்று ஏறியிருந்த 36 பேர். ஆறு வாரத்தில் பயிற்சி பெற்றவர்களின் மேல் அழுத்தம் சராசரியாக ஒன்பது புள்ளி இறங்கியது; குழாய்களின் உட்சுவர் இன்னும் நன்றாக விரியத் தொடங்கியது. 2021இல் வெளியான இந்த ஆய்வில் என் மனம் நின்றது வேறோர் இடத்தில். தமனியின் விறைப்பு அந்த ஆறு வாரத்தில் மாறவில்லை. மியாச்சியின் இளைஞர்களுக்கு நான்கு மாதத்தில் இளக்கம் திரும்பியது. வயதானவர்களுக்கு அழுத்தம் இறங்கிய பிறகும் சுவர் இளகவில்லை. இரண்டும் வெவ்வேறு ஆய்வுகள், வெவ்வேறு பயிற்சிகள்; நேராக ஒப்பிடக் கூடாதுதான். என்றாலும் எலாஸ்டினைப் பற்றி நமக்குத் தெரிந்ததோடு அது ஒத்துப்போகிறது. இளமையில் தமனி மன்னிக்கிறது. பின்னால் மன்னிப்பதற்கு அதனிடம் மிச்சம் குறைவு.

ஆகவே மூச்சைப் பற்றிய பாடம் மருத்துவமனையில் அறுபது வயதில் தொடங்குவது காலம் தவறிய பாடம். பதினெட்டு வயதில், முதல் நாள், கம்பியைத் தொடுவதற்கு முன்பு தொடங்க வேண்டியது அது. தட்டுகள் மாட்டாத வெறும் கம்பியோடு ஒரு வாரம் மூச்சை மட்டும் பழக்குகிற மாஸ்டரைப் பையன்கள் பொறுமையிழந்து பார்க்கலாம். அவர்தான் அவர்களுக்கு நீண்ட ஆயுளின் வலுவைக் கற்றுக்கொடுக்கிறார். தம் கட்டினால் மட்டுமே எழும்புகிற எடை, அது எவ்வளவு பெரியதானாலும், ஒரு போட்டிக்கோ ஒரு திருவிழாவுக்கோ உரியது. மூச்சு விட்டபடி தூக்க முடிகிற எடைதான் நாளைக்கும் அடுத்த வருடத்துக்கும் எழுபது வயதுக்கும் நம்முடையது. ஒருவருடைய வலு எவ்வளவு என்று இனி யாராவது கேட்டால், அந்த எடையைத்தான் பதிலாகச் சொல்ல வேண்டும்.